சர்வீஸ் எண் 318

நாயுடுபுரத்துக்கு மேலே மின்வாரியக் குடியிருப்பு.
இரண்டு கட்டில் போட்டால் நிறைந்துவிடும்
பின்பக்கத் தோட்டம்.
அதில் ஏற்கெனவே ஒரு நாட்டுப் பேரி,
துணிக்கொடிக்கு ஒரு முனையாக.
காயைக் கடித்தால் பல்லுக்குத்தான் வேலை,
நாக்குக்கு ஒன்றும் கிடைக்காது.

இடம் ஒரு மரத்துக்கு.
ஆனால் நான் மீட்டர் கணக்கெடுக்கிறவன்.
பூட்டிய கேட்டுக்கு உள்ளே
எந்த வீட்டுப் பேரி எப்படி இனிக்கும் என்று
எனக்குத் தெரியும்.

தை மாதம், புல்லில் உறைபனி உப்பாகப் பூத்திருக்கையில்
இலையில்லாத மரங்களுக்குக் கீழே நின்று
யூனிட்டைச் சொல்லிவிட்டு மெதுவாகக் கேட்பேன்:
ஒரு குச்சி வெட்டிக்கொள்ளவா?
நாய்கள் குரைத்தன. மனிதர்கள் யாரும் மறுக்கவில்லை.
ஒருவர் மட்டும்
பில்லில் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று பார்த்தார்.

பென்சில் கனம், மூன்று மொட்டு,
ஈரத்துணியில் சுற்றி அட்டைகளோடு பையில்.
சவர பிளேடால் ஆப்பு போலச் சீவி
நாட்டுக் கிளையைப் பிளந்து செருகி
பட்டைக்குள் பச்சையோடு பச்சை தொடுகிறதா என்று
ஒற்றைக் கண்ணால் பார்த்து,
வாரியத்தின் கறுப்பு டேப்பைச் சுற்றினேன்.
அதன் மேல் சலேத் மாதா கோயிலில் பொறுக்கிய
மெழுகுவர்த்தி மிச்சத்தை உருக்கி ஊற்றினேன்.
வாரியம் மன்னிக்கட்டும். மாதாவும்.

ரகத்தின் பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை.
"துரை காலத்துது."
"வீடு வாங்கும்போதே நின்னுச்சு."
"பேரா? பேரிக்காய்தான் சார்."
ஆகவே பெயிண்ட் டப்பா மூடியை வெட்டி
ஆணியால் சர்வீஸ் எண்ணைக் கீறிக் கட்டினேன்.
112 தபால் ஆபீஸ் சந்து. 207 பாம்பார்புரம்.
40 செண்பகனூர்க் கன்னிமடம்.
318 ஜமீலா பேக்கரி.

முதல் வருடம் 207 கருகிப்போனது.
அடுத்த வருடம் இரவில் வந்த காட்டுமாடு
40-இல் கழுத்தைச் சொறிந்துகொண்டது.
காலையில் அந்தக் கிளை கொடியில் தொங்கியது,
என் காக்கிச் சட்டைக்குப் பக்கத்தில்,
துவைத்துக் காயப்போட்டது போல.
மறுபடி செண்பகனூர்.
"போன வருஷம் தந்தது?" என்றார் மதர்.
"மாடு" என்றேன்.
மேலே எதுவும் கேட்காமல் கத்தரியை நீட்டினார்.

ஒட்டுக்குக் கீழிருந்து நாட்டுத் துளிர்
ஒவ்வொரு மழைக்கும் கிளம்பும். கிள்ளுவேன்.
நாலு நாளில் மறுபடி வந்து நிற்கும்,
இது யார் வீடு என்று கேட்பது போல.
அதன் வேரில்தான் எல்லோரும் குடியிருக்கிறார்கள்.
எனக்கும் இந்த வீடு
ஓய்வு பெறும் தேதி வரைக்கும்தான்.

318-ஐத் துண்டிக்க நானே போனேன்.
அடுப்புக்கரி ஏறிய சுவரிலிருந்து மீட்டரைக் கழற்றி
கடைசி ரீடிங் எழுதினேன்.
ஜமீலாம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு
மகள் வீட்டுக்குத் திண்டுக்கல் பஸ் ஏறினார்.
மூன்றாம் நாள் ஜேசிபி.
பேரிமரத்துக்கு அரைமணி நேரம்கூட ஆகவில்லை.
இப்போது அங்கே எட்டு காட்டேஜ்,
எட்டுப் புது எண்.

அந்த ஆடியில்தான் முதல்முதலாக
என் மரத்தில் 318 காய்த்தது.
112-இன் உருண்டைக் காய்களுக்கு நடுவே
கழுத்து நீண்ட ஏழு,
வெயில் பட்ட பக்கம் மட்டும் துருச்சிவப்பு.

இரண்டைச் செய்தித்தாளில் சுற்றி
கண்டக்டர் சின்னமாயனிடம் கொடுத்தனுப்பினேன்.
இரவு போன் வந்தது.
"கல்லு மாதிரி இருக்கு."
அரிசிக்குள்ள நாலு நாள் வைங்கம்மா, பழுத்துரும்.
"யாருகிட்டச் சொல்ற?
முப்பது வருஷம் அந்த மரத்துல தின்னவ நான்."

பிறகு வெகுநேரம் பேச்சில்லை.
திண்டுக்கல்லின் ஃபேன் மட்டும்
லைனில் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஒண்ண அரிசி டின்னுல போட்டிருக்கேன்," என்றார்.
"இன்னொண்ணத்தான்
கடிச்சுட்டேனே."