வைகாசியில் ஹீற்றர்

காலை ஐந்தரை. எஞ்சின் குளிர்ந்து கிடந்தது.
மூடியைத் திறந்து பார்த்தேன்.
தண்ணீர் கழுத்துவரை, எண்ணெய்ப் படலம் இல்லை.
டிப்ஸ்ரிக்கைத் துடைத்து, விட்டு, எடுத்தேன்:
கறுப்பு. நல்ல கறுப்பு.
பால்விட்ட கோப்பி நிறத்தில் வந்திருந்தால்
இன்றைக்குக் கலியாண ஓட்டம் இல்லை.
ஃபான் பெல்ற்றைப் பெருவிரலால் அமத்த
அரை அங்குலம் விட்டுக்கொடுத்தது.
அதற்குப் பிறகுதான் ரிப்பன் கட்டினேன்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர்
வாய்க்கு ருசி, கேத்திலுக்குப் பகை.
சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் ஊறி வந்தது,
கொதிக்கக் கொதிக்க வெள்ளையாய்ப் படியும்.
கேத்திலென்றால் தட்டி உதிர்க்கலாம்.
ரேடியேற்றரின் குழாய்களை யார் தட்டுவது?
மாரி மழையை இரண்டு நீலப் பரலில்
பிடித்து வைத்திருக்கிறேன், ஒஸ்ரினுக்கு மட்டும்.
பக்கத்து வளவு வசந்தமாலை
தலைமுழுக ஒரு வாளி கேட்டா.
கொடுக்கவில்லை.
இன்னும் கதைக்கிறதில்லை.

போன வருடம் ஹெட்டைக் கழற்றியபோது
குருநகர் யூட் பழைய கஸ்கெற்றைத் தூக்கிக் காட்டினான்.
ஒரு அப்பளத் தடிப்பு.
நெருப்பும் தண்ணீரும் எண்ணெயும்
ஒரே வீட்டில் இருந்தும்
ஒன்றின் முகத்தில் ஒன்று முழிக்காமல்
பார்த்துக்கொண்டது அதுதான்.
இரண்டு சிலிண்டருக்கு நடுவே
நகக்கண் அகலத்துக்கு எரிந்திருந்தது.
புதியதை வைத்து, நட்டுகளை
நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாய்
மூன்று சுற்றில் இறுக்கினான்.
ஐந்நூறு கிலோமீற்றர் ஓடிவிட்டு வாங்கோ,
திரும்ப ஒருக்கால் இறுக்கவேணும் என்றான்.
போனேன்,
நானூற்றித் தொண்ணூற்றாறில்.

இன்றைக்கு மாப்பிள்ளை கஜவதனன்.
பொம்பிளை வீடு வேலணையில்.
நாலு பேர் ஏறவேண்டியதில் ஆறு பேர்,
மடிகளில் தாம்பாளங்கள்.
பெரியகடைக்குள் நத்தையாய் ஊர்ந்து
பண்ணைப் பாலத்தில் ஏறும்போது
ஊசி நடுவைத் தாண்டியிருந்தது.
பாதி வழியில் சிவப்புக்கு ஒரு நூல் இடைவெளி.
ஓரங்கட்டினேன்.

"என்ன பிள்ளை, மண்டைதீவுச் சந்தி கிட்டத்தானே,
மிதியும்" என்றார் மாமன் சிவகடாட்சம்.
கிட்டத்தான்.
அந்தக் கிட்டத்தில்தான் எல்லாக் கஸ்கெற்றும் எரிகிறது.
ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு போத்தல் நீட்டினார்,
"இதை ஊத்தும்."
கொதிக்கிற இரும்புக்கு ஐஸ் தண்ணீர்!
நீங்கள் குடியுங்கோ என்று திருப்பிக் கொடுத்தேன்.

பொனற்றை உயர்த்தி
மூக்கைச் சோளகத்துக்குக் கொடுத்து
எஞ்சினை அணைக்காமல் மெதுவாய் ஓடவிட்டு
டாஷ்போர்டுக்குக் கீழே
ஒருவரும் தேவையென்று தொடாத குமிழைத் திருகினேன்.
இங்கிலாந்துக் குளிருக்கென்று வைத்த ஹீற்றர்.
முதலில் ஒரு தும்மல், பிறகு எலிப்புழுக்கை மணம்,
பிறகு வெக்கை.

"விசரோ உமக்கு?"
மாமனுக்குப் பதில் சொல்லவில்லை.
எஞ்சினின் காய்ச்சலை ஏழு பேரும்
ஆளுக்குக் கொஞ்சமாய் வாங்கிக்கொண்டிருந்தோம்.
மாப்பிள்ளையின் சந்தனம்
புருவத்தைக் கடந்து இறங்கியது.
ஸ்காபரோவில் பன்னிரண்டு குளிர்காலம் இருந்த மனிதர்,
ஹீற்றர் வாய்க்கு முன்னால்
இரண்டு கையையும் விரித்துப் பிடித்தார், பழக்கத்தில்.
பிறகு தானே சிரித்தார்.

முழங்கால் ஆழத்தில் இறால் கூடு பார்த்தவர்
ஒருமுறை நிமிர்ந்தார்.
புகை இல்லையென்று கண்டு
குனிந்துவிட்டார்.

இருபத்திரண்டு நிமிடம்.
ஊசி ஒரு நூல் இறங்கியது. இன்னொரு நூல்.
ஹீற்றரை அணைக்காமலே வேலணைவரை உருட்டினேன்.

முகூர்த்தம் தப்பவில்லை.
மாப்பிள்ளை வழியெல்லாம் அழுதாராம் என்று
பொம்பிளைப் பகுதியில் ஒரு கதை.
சுணக்கத்துக்கென்று மாமன்
வாடகையில் ஆயிரத்தைந்நூறு கழித்தார்.
கஸ்கெற், ஹெட்டைச் சீவுகிற கூலி, யூட்டின் இரண்டு நாள்:
மனத்துக்குள் கூட்டிப் பார்த்துவிட்டு
வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டேன்.

உள்ளே மேளம் கெட்டியாய்க் கேட்டபோது
வேம்புக்குக் கீழே
ரேடியேற்றர் மூடியில் துணியோடு கை வைத்தேன்.
சுட்டது.
மழைத் தண்ணீர்ப் போத்தலை நிழலில் வைத்துவிட்டு
முதல் பந்தி முடியட்டும் என்று இருந்தேன்.