நூற்று நாற்பத்தேழாம் சுற்று

கார்க் துறைமுகத்தில் மழை
பக்கவாட்டில் பெய்கிற இரவு.
இங்கே காற்றைக்கூட வடிகட்டித்தான் விடுகிறார்கள்.
முகமூடிக்குள் என் மூச்சு
எனக்கே திரும்பி வருகிறது.

ஒரு மீட்டர் அகலம், ஒரு சாண் உயரம்,
அதற்குள் வெள்ளைப் பிசின்மணிகள்.
கடற்பாசியாக அலையில் ஆடியவை,
இப்போது அசையாமல் அமர்ந்திருக்கின்றன.
நிறப்பிரிகை என்கிறது பாடநூல்.
நான் கண்ட நிறம் ஒரு வெளிர்மஞ்சள்,
அதுவும் வேண்டாதது,
முதலில் ஓடிப்போவது.

மணிதோறும் நட்டிருப்பது
ஒரு கிருமியின் புரதம்.
சீழ்க்கிருமி.
போன பிப்ரவரியில் என் முழங்கையில் கட்டியாகி
பதினோரு இரவு என்னை உட்காரவைத்த அதே குலம்.
நம் எதிர்ப்புப் புரதம்
இரு கை விரித்துப் பாய்ந்து வந்தால்
அது கையைத் தொடாது.
பின்னால் போய்க் காம்பைப் பிடிக்கும்.
கவட்டையைத் தலைகீழாய்ப் பிடித்துவிட்டால்
கல் எங்கே போகும்?

அந்தக் களவாணித்தனத்தைத்தான்
மாதச் சம்பளமில்லாமல்
வேலைக்கு வைத்திருக்கிறோம்.

வெள்ளெலியின் உயிரணுக்கள்
பதினான்கு நாள் சமைத்த குழம்பை ஊற்றினேன்.
ஆயிரம் புரதங்கள்
வந்த வேகத்தில் போயின.
ஒன்று மட்டும் நின்றது.
கழுவினேன், நின்றது.
உப்பு கூட்டிக் கழுவினேன், நின்றது.
பிறகு புளிப்பு.
இழுக்கவில்லை, உதறவில்லை,
கொஞ்சம் புளிப்பு, அவ்வளவுதான்,
பிடி தானாக விட்டது.

திரையில் கோடு மலையாய் எழுந்தது.
எழவேண்டிய அளவு எழவில்லை.

பின்னோக்கி ஓட்டிப் பார்த்தேன்.
குழம்பு ஊற்றும்போதே, கடைசி இருபது நிமிடம்,
நிற்க வேண்டியது நழுவியிருக்கிறது,
கூட்டத்தோடு கூட்டமாக.

"எல்லைக்குள்தானே இருக்கிறது, ஓர்லா,"
என்றான் ஃபீக்ரா.
அவன் குழந்தைக்குப் பல் முளைக்கிறது,
மூன்று நாளாய்த் தூக்கமில்லை.
"இருநூறு சுற்று தாங்கும் என்று எழுதியிருக்கிறார்கள்."
எழுதியிருக்கிறார்கள்.
ஒவ்வொரு முறையும் காரத்தால் கழுவுகிறோம்,
கழுவக் கழுவப் பிடி தேய்கிறது.
காகிதத்துக்குக் கை வலிக்குமா?

தொட்டிக்குள் புளிப்பில் ஊறுகிறது இன்றைய விளைச்சல்.
ஒட்டிவந்த வைரஸ் சாக ஒரு மணி நேரம்.
அதற்கு மேல் விட்டால்
அதுவும் குலைந்துபோகும்.
மணி மூன்று பத்து.
மேற்பார்வையாளரை எழுப்பினால்
அவள் முதலில் என் பெயரைச் சொல்லமாட்டாள்,
வேறு ஏதாவது சொல்வாள்.

எழுப்பினேன்.
சொன்னாள்.
பிறகு, "எத்தனையாவது சுற்று?" என்றாள்,
குரலில் தூக்கம் அறவே இல்லாமல்.

பதிவேட்டில் ஒரு வரி எழுதினேன்,
சிவப்பில் அல்ல, விதிப்படி நீலத்தில்.
ஃபீக்ரா பேசாமல்
சாட்சிக் கையெழுத்துப் போட்டான்.

முழங்கையில் பழைய வடு அரித்தது.
மேலே இரண்டு கையுறை, மூன்று உடுப்பு.
விடியும்வரை
அரித்துக்கொண்டே இருந்தது.