மே மாதத்துக்கு ஆள் இல்லை

ஆண்டு நிரல் அச்சுக்குப் போக
இரண்டு நாள்தான் இருந்தது.
சத்துவாச்சாரி இரண்டாம் பகுதி தோட்டக் குழுவுக்கு
பதினோரு மாதம் நிரம்பிவிட்டது.

ஜனவரியில் விதைப் பரிமாற்றம்.
எத்திராஜுலு வழக்கம்போல
இலவம்பாடி முள்ளுக்கத்தரி விதையைக்
கல்யாணப் பத்திரிகை உறையில் போட்டு வருவார்,
உறை மேல் யாரோ ஒரு மாப்பிள்ளையின் பெயரும் படிப்பும்.
பிப்ரவரியில் மண்புழு உரம், செய்முறையோடு.
முந்தின வருடம் புழுக்கள் டப்பாவை விட்டுக் கிளம்பி
ஷம்ஷாத் வீட்டு மாடிப்படிவரை போயிருந்தன.
இந்த முறை மூடி போட்ட டப்பா.
ஆகஸ்டில் விரிஞ்சிபுரத்திலிருந்து ஓர் அதிகாரி
மாவுப்பூச்சியைப் படம் போட்டுக் காட்டுவார்,
கரண்ட் இருந்தால்.
அக்டோபர் ஏலகிரி. வேனுக்குத் தலைக்கு நானூற்றைம்பது.
டிசம்பர் போட்டி, ஜெபசீலி டீச்சரின் கேக்.

மே மட்டும் காலி.

மே மாதத்தில் இந்த ஊர் மாடிகளில்
கைப்பிடிச் சுவரைத் தொட முடியாது.
காலை ஒன்பதுக்கே குழாயில் வெந்நீர்.
கூப்பிட்ட பேச்சாளர்கள் எல்லோருக்கும்
சொல்லிவைத்தாற்போல்
மே மாதம் ஊட்டியில் ஒரு மகள் இருந்தாள்.

"விடுமுறைன்னு போட்டுடலாம்" என்றார் தலைவர் கமலக்கண்ணன்.
ஷம்ஷாத் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி,
"செத்த செடியைக் கொண்டுவரச் சொல்லுங்க.
எப்படிச் சாகடிச்சோம்னு ஆளுக்கு மூணு நிமிஷம்."
சிரித்தோம்.
வேறு யோசனை வராததால் எழுதிக்கொண்டேன்.

அச்சகத்துக்காரர் இரண்டு தடவை போன் செய்தார்.
"செத்த செடியா மேடம், சிறந்த செடியா?"
செத்த என்றேன்.
சிறந்த என்று அடித்திருந்தார்.
அறுபது அட்டையிலும்
நீல மையால் நானே திருத்தினேன்.

இரண்டாம் ஞாயிறு, மாலை ஆறு மணி.
பகலெல்லாம் வாங்கிய சூட்டை
மலைப்பாறை திருப்பித் தந்துகொண்டிருந்தது.
காய்ந்த குச்சிகளோடு படியேறி வந்தார்கள்,
சந்தா கட்டி எட்டு வருடமாய் முகம் காட்டாதவர்களும்.

எத்திராஜுலுவின் ரோஜா:
மகள் நிச்சயத்துக்குள் பூக்கவேண்டும் என்று
கை கொள்ளும் யூரியா.
தாவூத் பாஷாவின் எலுமிச்சை:
குடிதண்ணீர் மிஷின் கழித்ததை வீணாக்குவானேன் என்று
தினம் ஊற்றியிருக்கிறார்.
இலையோரம் கருகக் கருக, இன்னும் கொஞ்சம்.
உப்பு என்று புரிய ஒரு வருடம் ஆயிற்று.
"சிக்கனத்துல கொன்னுட்டேன்" என்றார்.
யாரும் புத்தி சொல்லவில்லை. அது விதி.

நான் கறிவேப்பிலை கொண்டுபோயிருந்தேன்.
தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்த இருபத்து மூன்று நாளும்
வீட்டுக்கு வந்து என்ன செய்வதென்று தெரியாமல்
தண்ணீர் ஊற்றினேன்.
குளிக்கும் முன் ஒரு வாளி, குளித்த பின் ஒரு வாளி.
வேர் அழுகியது
தூக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.
மூன்று நிமிடம் தாண்டியிருக்கும்.
ஷம்ஷாத் கடிகாரத்தைக் குப்புற வைத்திருந்தாள்.

கடைசியாகத் தலைவர் எழுந்தார்,
வெறும் கையோடு.
"என் செடி எதுவும் சாகல" என்றார்.
கொஞ்ச நேரம் செருப்பைப் பார்த்தார்.
"டிசம்பர்ல கோப்பை வாங்கின சாமந்தி
என்னுது இல்ல. முந்தின நாள்
காட்பாடி நர்சரியில வாங்கினது."
ஜெபசீலி டீச்சர்தான் முதலில் கைதட்டினார்,
அந்தப் போட்டியில் இரண்டாம் பரிசு அவருக்கு.

குறிப்பேட்டில் எழுதியது:
வருகை நாற்பத்தொன்று. தேநீர் பற்றவில்லை.
தொட்டியை எடுத்துப்போக மறந்தவர்கள் ஆறு பேர்.
கோப்பை விஷயம் செயற்குழுவுக்கு.

அடுத்த பக்கம், ஜூன்:
நிழல்வலை கட்டும் முறை, நேரடி விளக்கம்.
வருகை ஒன்பது.