நாற்பத்து மூன்றாவது வரி

செவ்வாய்க்கிழமை காலை
மேலாளர் கோ வீ செங் மின்னஞ்சல் அனுப்பினார்.
பிள்ளைகளின் கணினிகளுக்கு வடிகட்டி வருகிறது.
ஆங்கிலப் பட்டியல் தயார், சீனத்தில் அறுநூறு சொல்,
மலாய்க்கு நூர்ஹிதாயா.
தமிழுக்கு நீதான். வெள்ளிக்குள் அனுப்பு.
கூடவே ஒரு சிரிக்கும் மஞ்சள் முகம்.

ஈசூன் நூலகத்தில்
பதினொரு வருடமாகப் புத்தக முதுகில் எண் ஒட்டுகிறவள் நான்.
சம்பளம் கொடுத்துக்
கெட்ட வார்த்தை எழுதச் சொன்னது இதுவே முதல்முறை.

முதல் பத்தும் தயங்காமல் வந்தன.
ஒன்று, எதிர்வீட்டுச் சண்டையில் கற்றது.
ஒன்று, மின்தூக்கிக் கதவில் யாரோ சாவியால் கீறியது,
எழுத்துப்பிழையோடு.
மூன்று, அப்பாவுடையவை.
சம்பள நாள் இரவுகளில் மட்டும். மற்ற நாள்களில்
அவர் 'சே' கூடச் சொல்லமாட்டார்.

பதினொன்றில் சிக்கல்.
குஞ்சு என்று அடித்துவிட்டு
இரண்டாம் வகுப்புப் பையனைப்போலத் தேடிப் பார்த்தேன்.
கோழிக்குஞ்சைக் காணோம்.
வாத்துக்குஞ்சு, மீன்குஞ்சு,
காக்கையின் பொன்குஞ்சும் பழமொழியோடு போயிற்று.
மயிர் போட்டேன்.
மயிரிழையில் தப்பியவர்கள் எல்லாரும் மாட்டிக்கொண்டார்கள்.
சனியன் போட்டால்
பாதி வீடுகளில் பிள்ளையைக் குளிக்கக் கூப்பிட முடியாது.
முலை போட்டேன், எடுத்தேன், மறுபடி போட்டேன்.
ஈராயிரம் வருடத்துப் பாட்டெல்லாம்
கறுப்புத் துணி போர்த்திக்கொண்டு வரிசையாக வெளியேறின.
எடுத்துவிட்டேன்.

"உனக்கு எத்தனை?" நூர்ஹிதாயா எட்டிப் பார்த்தாள்.
நாற்பத்திரண்டு.
"எனக்கு எழுபது. அம்மாவுக்குத் தெரிந்தால் செத்தேன்."
மைலோ கலக்கியபடி
கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

திரும்பி வந்தபோது
நாற்பத்து மூன்றாவது வரியில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.

அப்போது எனக்குப் பதிமூன்று.
வேறொரு நூலகம், சுவரைப் பார்த்த கணினி,
ஆளுக்கு அரைமணி.
அரட்டைப் பெட்டியில் ஒருவன்.
வயது பதினாறு என்றான். கால்புள்ளியெல்லாம் சரியாக வைத்தான்.
சாப்பிட்டியா என்றான்.
அந்த வாரம் எங்கள் வீட்டில் யாரும் கேட்காத கேள்வி.
இன்னைக்கு என்ன கலர் டிரெஸ் என்றான்.
அம்மா எத்தனை மணிக்கு வருவாங்க என்றான்.
உன்னை மாதிரி தமிழ் எழுத ஆளே இல்லை என்றான்.
மூன்று வாரம்.
ஒரு கெட்ட வார்த்தை கிடையாது.
தேநீரைப்போல இறங்கியிருப்பான்
எந்த வடிகட்டியிலும்.

ஞாயிறு, மூன்று மணி, எம்.ஆர்.டி. வாசல்.
வர்றேன் என்பதில் வ அடித்திருந்தேன்.
நேரம் முடிந்து திரை நீலமாயிற்று.
பின்னால் குதிரைப் பந்தய முடிவு பார்க்க நின்ற சீனப் பெரியவர்
தொண்டையைக் கனைத்தார்.
எழுந்து இடம் விட்டேன்.
வேறொன்றும் நடக்கவில்லை.
வரிசை நீளமாக இருந்தது.

இப்போது அந்தச் சொல்லை அடித்தேன்: சாப்பிட்டியா.
சோதனைத் திரையில் மறைந்தவை:
மீன்குழம்புக் குறிப்புகள் நூற்றுப்பன்னிரண்டு,
ஒரு பாலர் பள்ளிப் பாடம்,
கட்டுமானத் தளத்து ஊழியர் ஒருவர்
மன்னார்குடியில் இருக்கும் மனைவிக்கு எழுதிய கவிதை.
அழித்தேன்.

வெள்ளிக்கிழமை நாற்பத்திரண்டை அனுப்பினேன்.
கீழே ஒரு வரி:
ஆறாம் எண் கணினியின் பக்கத்தில்
இன்னொரு நாற்காலி வேண்டும், யாராவது உட்கார.
பதில் உடனே வந்தது.
நாற்காலிக்கு வேறு படிவம்.

ஆறாம் எண்ணில் சீருடை மாற்றாத சிறுமி
திரையைப் பார்த்துச் சிரிக்கிறாள்.
யாரோடு? தோழியாக இருக்கலாம்.
தோழியாகத்தான் இருக்கும்.
புத்தக வண்டியைத் தள்ளிக்கொண்டு
அந்தப் பக்கமாகவே போகிறேன், வருகிறேன்.
ஒரு சக்கரம் கீச்சிடும்.
எண்ணெய் போடச் சொல்லி மாதம் இரண்டாகிறது.
போடவில்லை.