ஸ-வின் தலையில் ஒரு புள்ளி

முதல் பதிப்பில் எல்லாம் சுலபம்.
சி என்றால் ஸ. டி என்றால் ரி.
பன்னிரண்டு வரியில் ஓர் அட்டவணை.
கொக்குவிலில் கரண்ட் போவதற்குள்
எழுதி முடித்துவிட்டேன்.

குருநகர்க் கோயிலில் ஓகன் வாசிக்கும் ஜெனோவா
ஐந்து கோட்டில் தந்த பாட்டு
மதுராங்கியின் வயலினுக்காக
எழுத்தெழுத்தாக இறங்கி வந்தது.
அவள் ஒருதரம் இழுத்துப் பார்த்தாள்.
"ஸ எங்கை எண்டு பாட்டிட்டைக் கேட்டனியோ?"

கேட்கவில்லை.
பாட்டு எஃப்பில் குடியிருந்தது.
என் நிரலோ கண்ணை மூடிக்கொண்டு
சி வீட்டு விலாசத்துக்கே அனுப்பியிருக்கிறது.
சங்கராபரணம்
அடையாள அட்டையில் பெயர் பிழைத்த ஆளைப்போல
ஹரிகாம்போதி என்று நின்றது.

இரண்டாம் பதிப்பு திறந்தவுடன் கேட்கும்:
ஸ எது?

அடுத்த தலையிடி அரைப்புள்ளி.
என் தொழிலில் அது முடிவு.
போட்டால் அந்த வரி அவ்வளவுதான்.
அவளுக்கோ அது
இன்னும் இரண்டு அட்சரம், வில்லை எடுக்காதே.
நீளச் சொன்ன இடத்திலெல்லாம்
நிரல் செத்துச் செத்து விழுந்தது.
ஒரு முழு ஞாயிறு அதிலே போனது.

பிறகு தமிழே குறுக்கே நின்றது.
மேல் ஸ்தாயிக்குத் தலையில் புள்ளி வேண்டும்.
ஸ-வின் தலையில் வைத்தேன்.
ஸ் ஆனது.
பாட்டு ஏறி உச்சியில் நிற்க வேண்டிய இடத்தில்
உயிர் போய் மெய் கிடந்தது.
க-வுக்கும் அதே கதி.
ரி மட்டும்
மேல்விலங்கோடு தப்பியது.

எழுத்துருக்கள் நாலு மாற்றினேன். சரிவரவில்லை.
கடைசியில் கஸ்தூரியார் வீதிக் கடையில்
புள்ளியே இல்லாமல் அச்சடித்து
சிவப்புப் பேனையால் பதினேழு இடத்தில்
எழுத்தில் முட்டாமல், சற்றே உயர்த்தி
கையால் வைத்தேன்.
மூன்று போட்டோகொப்பி எடுத்துக்கொண்டு
மூலத்தாளைக் கண்ணாடியின் மேலேயே
மறந்துவிட்டு வந்தேன்.

ஜெனோவா விரல் வைத்து எண்ணினாள்.
"பதினெட்டுக் கிடக்கு.
இதிலை ஒண்டு மிசினின்ர ஊத்தை."
எது என்று எனக்கும் தெரியவில்லை.

மதுராங்கி பதினெட்டையும் ஏற்றித்தான் வாசித்தாள்.
எட்டாவது அடியில், எவரும் எழுதாத உயரத்தில்,
வயலின் தனியே போய் நின்றது.
ஓகன் தடுமாறியது. ஒரு விரலைத் தூக்கியது.
பிறகு தானும் மேலே வந்து
பக்கத்தில் நின்றது ;