பிணமாக நடித்தவனின் வாக்குமூலம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐயா:
சம்பவம் நடந்தபோது நான் செத்துப்போயிருந்தேன்.

கோடம்பாக்கம், இரண்டாவது ஃப்ளோர்.
பேங்க் மேனேஜர் வீட்டு ஹால், அட்டைச் சுவர்.
ஜன்னலுக்கு வெளியே ரப்பர் குழாயில் மழை.
நெஞ்சில் மூன்று குண்டு. ரத்தத்துக்குச் சாக்லேட் பாகு;
கறுப்பு வெள்ளையில் அதுதான் நன்றாகச் சிவக்கும் என்றார் கேமராமேன்.
கூலி ஏழு ரூபாய்.
மூச்சு தெரியாமல் படுத்தால் எட்டு.

எறும்புகளுக்குக் கதை பிடித்துவிட்டது.
பதினோராவது டேக்கில் கதாநாயகி என்மேல் விழுந்து கதற,
அவர் கொண்டைக் கதம்பம் மூக்கில் உரச,
பிணம் தும்மியது.
டைரக்டர் கோதண்டம் தொப்பியைத் தரையில் அடித்து மிதித்தார்.
அது அவர் தொப்பி இல்லை,
இன்ஸ்பெக்டராக நடிப்பவருடையது.

லைட்டை மாற்றினார்கள்.
கதாநாயகி ஜூஸ் குடிக்கப் போக,
அவர் இடத்தில் வந்து மண்டியிட்டாள் செலஸ்டின்.
ராயபுரம்.
அதே உயரம், அதே புடவை, பாதி விலையில்.
விளக்குகள் பழகும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும்,
பழகியதும் எழுந்து போய்விட வேண்டும்.
அவ்வளவுதான் அவள் உத்தியோகம்.
முகத்தில் ஒரு பாதி வெளிச்சம், மறுபாதி இருட்டு.
எந்தப் பாதியைக் காதலித்தேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.
அரைக்கண் திறந்தபடி சாக வேண்டும் என்பது டைரக்டர் உத்தரவு.
ஆகவே பார்த்தேன்.
பார்த்தது என் குற்றமில்லை.

சௌகார்பேட்டை சேட்டிடம் வாடகைக்கு வாங்கிய முத்துமாலை
மேசைமேல் வெல்வெட் பெட்டியில் இருந்தது.
அவள் கை போனது, வந்தது.
என் கோட்டுப் பைக்குள் ஏதோ சில்லிட்டது.
"அசையாதீங்க. நீங்க செத்துட்டீங்க."
உதடு பிரியாமல் சொன்னாள்.
அவ்வளவு கிட்டத்தில் வந்து
எந்தப் பெண்ணும் என்னிடம் பேசியதில்லை.

நாலு மணிக்கு நிஜப் போலீஸ்.
"உங்களுக்கு நாளைக்குத்தானேய்யா கால்ஷீட்?" என்று கத்தினார் டைரக்டர்.
இன்ஸ்பெக்டர் அருமைநாயகம்
பொய் இன்ஸ்பெக்டருக்கு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.
பொய்யவருக்குத் தோளில் ஒரு நட்சத்திரம் கூடுதல்.
டிரங்குப் பெட்டி, காபி அண்டா,
வில்லனின் விக்கைக்கூட உதறிப் பார்த்தார்கள்.
ஒரு கான்ஸ்டபிள் என் பக்கம் குனிந்தார்.
"பொணத்தத் தொடாதீங்க! கன்டினியூட்டி போயிடும்!"
அலறியவன் நேற்றுச் சேர்ந்த உதவி டைரக்டர்.
கான்ஸ்டபிள் மிரண்டுபோய்,
தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்து
எனக்கு ஒரு நிமிஷம் மௌனம் காத்துவிட்டு நகர்ந்தார்.

கோட்டைத் திருப்பிக் கொடுக்கும் முன்
மாலை என் டிபன் கேரியருக்குக் குடிபோனது.
கீழடுக்கு. மிச்சத் தயிர்சாதம்.

ரயில்வே கேட் மூடியிருந்தது.
நான், அவள், ஒரு குதிரைவண்டி,
யாரோ ஒரு பெரிய நடிகரின் பிளிமத்,
அதன் பின்னால் போலீஸ் ஜீப்.
பீச் ரயில் வருகிறேன் வருகிறேன் என்று வராமலே இருந்தது.
அருமைநாயகம் இறங்கி வந்து தீப்பெட்டி கேட்டார்.
கொடுத்தேன். கை நடுங்கவில்லை,
பகல் முழுக்கச் செத்திருந்த பழக்கம்.
"என்ன, தயிர்சாதமா?" என்றார் கேரியரைப் பார்த்து.
"ஊசிப்போச்சு சார்."
செலஸ்டின்தான்.
கதாநாயகியைவிட நன்றாக நடித்தாள்,
டூப்பே தேவையில்லாமல்.
கேட் திறந்தது. கேரியர் அவள் கைக்கு எப்போது போனது?
அந்த இடத்தில் எனக்கு ஒரு ரீல் அறுந்திருக்கிறது.

படம் ஒன்பது நாள் ஓடியது.
ஒன்பதாம் நாள், மவுண்ட் ரோடு, இரண்டாவது ஆட்டம்.
கொலையாளி யார் என்பது கடைசிவரை
டைரக்டருக்கும் பிடிபடவில்லை.
கதாநாயகி கதறும் குளோசப்பில்
பிணத்தின் உதட்டோரம் லேசாகச் சிரிக்கிறது.
கண்டுபிடித்தது ஊரிலேயே ஓர் ஆள்தான்.
பக்கத்து சீட்டில்,
கழுத்தில் கறுப்புக் கயிறும் ஒரு சின்னச் சிலுவையுமாய்
மடியில் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தாள்.
மாலை என்ன ஆச்சு என்று நான் கேட்கவில்லை, ஐயா.
பிணம் கேள்வி கேட்காது.

இருட்டில் என் உள்ளங்கையைப் பிரித்து
உருண்டையாய் ஒன்றை வைத்தாள்.
கடித்துப் பார்த்தேன்.
கடலை.