நான்காம் வார்டு, பொதுக்கட்டடம்

கட்டிய ஆண்டு எது என்று கேட்கிறது படிவம்.
நாலு எண்ணுக்கு நாலு கட்டம் விட்டிருக்கிறார்கள்.

எந்த ஆண்டை எழுத?
மலையே இல்லாத நாட்டில்
அரிசிலாற்றங்கரைவரை கருங்கல்லை இழுத்து வந்து
நகரத்தார் கூடிப் பேச ஒரு கூடம் எழுப்பிய ஆண்டையா?
அதன் தோளில் செங்கல்லும் சுண்ணாம்பும் ஏற்றி
நாயக்கர் காலத்தில் வளைவு திருப்பிய ஆண்டையா?
வரி கட்டாதவனை உட்கார வைக்க
மேற்கு மூலையில் கம்பிக் கதவு போட்ட
மராட்டியர் ஆண்டையா?
அப்புறம் தாலுகா கச்சேரி,
அப்புறம் நெல் கிடங்கு,
போன தேர்தலில் வாக்குச்சாவடி,
பெண்கள் வரிசை வடக்கு வாசலில்.

கூரை: ஓலை, ஓடு, தகரம், கான்கிரீட்.
வட்டமிடுக.
கல்லுக்கு வட்டம் இல்லை.

மேலே கூண்டு இருக்கிறது, மணி இல்லை.
யுத்தத்துக்கு உருக்கிவிட்டார்கள் என்று ஒரு கட்சி.
உருகவில்லை, ஒரு பெரிய வீட்டுப் பரணில்
சாக்கு மூடிக் கிடக்கிறது என்று இன்னொரு கட்சி.
கூட்டம் கூட்ட அடித்த மணி அது.
இப்போது வாட்ஸ்அப் போதும்.

டேப்பின் மறுமுனையை உத்திராபதி பிடித்தார்.
நீளம் பதினாலு மீட்டர் எழுபத்தாறு.
அகலம் ஏழு முப்பத்தெட்டு.
வௌவால் எச்சத்தில் வழுக்கி
அடித்தளத்தைப் பிடித்து நிமிர்ந்தபோது
விரலில் தட்டியது ஒரு கோடு.
இரண்டு முனையிலும் கூட்டல் குறி.
"பசங்க கிறுக்கினதா இருக்கும் மேடம்."
பசங்களுக்கு இத்தனை நேரான கையா?
துடைத்தேன். பக்கத்திலேயே எழுத்து:
நகரத்துக் கோல்.

மூன்று மீட்டர் அறுபத்தொன்பது.
நாலால் பெருக்கினேன், பிறகு இரண்டால்.
கூடம் பிசகாமல் உட்கார்ந்தது.
நாயக்கர் வளைவு அந்தக் கோலுக்கு அடங்கவில்லை;
அது வேறு கோல், வேறு கை.
கச்சேரி அறை சரியாக முப்பது அடி,
தன்னை அளந்தவனை மறைக்கவே தெரியாத அறை.

வயலை அளந்தவன்மேல் சந்தேகம் வந்தால்
ஒரு கயிற்றோடு இங்கே வரலாம்.
குனிந்தால் போதும்.
அரசன் பேர் எட்டாத உயரத்தில்;
கோல், குந்தியவன் கைக்கு எட்டும் இடத்தில்.
யார் இதை யோசித்தார்களோ
அவருக்கு ஊரின்மேல் முழு நம்பிக்கை இருந்திருக்காது.
அதனால்தான் இது நல்ல கட்டடம்.

கிழக்குச் சுவரில் சேர்மன் பிறந்தநாள் ஃப்ளெக்ஸ்.
ஓரத்தைத் தூக்கினேன்.
ஏரி வாரியப் பொன்னுக்குக்
கணக்குக் காட்டாதான் இக்கூடம் ஏறப்பெறான்.
பேர் இருந்த இடத்தில் உளிக் குழி,
ஆறேழு எழுத்து அகலம்.
கொத்தியவன் எதிரியா, பேரனா, தெரியாது.
ஃப்ளெக்ஸின் ஆணி இறங்கியிருந்தது
கணக்குக்கும் காட்டாதானுக்கும் நடுவில்.

பதினெட்டுக் கடை, கீழே பார்க்கிங்:
வரைபடம் போன மாதமே வந்துவிட்டது.
பயன்பாட்டுக்கு உகந்ததா என்ற வரியில்
"இல்லை"யைப் பென்சிலில் யாரோ முன்பே குறித்திருக்கிறார்.
என் பேனாவுக்கு வழிகாட்டி.

சும்மா சொல்லக் கூடாது.
ஆறாம் வார்டில் ஒரு வீட்டை
நாலு அடி குறைத்து எழுதியவள் நான்.
அவள் கெஞ்சினாள், நான் இரங்கினேன்,
ஒரு தூக்குச் சட்டி விரால் மீனும் வாங்கிக்கொண்டேன்.
அந்த நாலு அடி
இந்தக் கோட்டருகே வந்து நின்றது.

பென்சிலை அழித்தேன். காகிதம் கொஞ்சம் கிழிந்தது.
நீளம்: நாலு கோல்.
அகலம்: இரண்டு கோல்.
கட்டிய ஆண்டு: பல.
திருப்பி அனுப்புவார்கள். அனுப்பட்டும்.
கையொப்பம் என்ற இடத்தில்
என் பேரை எழுதி, பக்கத்தில்,
ஏனென்று தெரியாமல்,
இவை என் எழுத்து என்று சேர்த்தேன்.

"விடட்டுமா மேடம்?" என்றார் உத்திராபதி.
டேப் கல்லை உரசிக்கொண்டு
சடக்கென்று பெட்டிக்குள் போனது.